அப்பாவின் தகரப் பெட்டியில் ஒன்பது பாலிசிகள்

காப்பீடு: கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. என்றைக்கோ முடிந்துபோன இன்சூரன்ஸ் பாலிசி, மண்ணிலும் கிணற்றிலும் இன்று தெரியவந்திருக்கும் கெடுதலுக்குப் பணம் தருமா என்பதுதான் அது. முப்பத்திரண்டு வருடம் சென்னையில் பொதுக் காப்பீட்டுக் கிளெய்ம் மேசையில் உட்கார்ந்தவள் நான். இதைப் பற்றி நம் ஊரில் பேசுபவர்கள் மிகவும் குறைவு என்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் அப்பா 1969 முதல் 1994 வரை அம்பத்தூரில் குரோம், நிக்கல் பிளேட்டிங் பட்டறை நடத்தினார். அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. இப்போது இடத்தை விற்கப் பேசி அட்வான்ஸும் வாங்கிவிட்டோம். வாங்குபவர் மண்ணைப் பரிசோதித்துவிட்டு, குரோமியம் இருக்கிறது, சுத்தம் செய்து கொடுத்தால்தான் கிரயம் என்கிறார். பக்கத்து வீட்டு போர்வெல்லில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று அந்த வீட்டுக்காரர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அப்பாவின் தகரப் பெட்டியில் 1971 முதல் 1979 வரை வருடத்துக்கு ஒன்றாக ஒன்பது பாலிசிகள் கிடைத்தன. ‘பப்ளிக் லயபிலிட்டி’ என்று போட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் தொகை ஐம்பதாயிரம். எல்லாமே முடிந்துபோனவை. இவற்றால் ஏதாவது பயன் உண்டா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: முதலில் அந்தப் பெட்டியைப் பத்திரப்படுத்துங்கள். பயன் இருக்கலாம்.

வண்டி இன்சூரன்ஸை நினைத்துப் பாருங்கள். 2019-ல் உங்கள் ஸ்கூட்டர் ஒருவர் மேல் மோதியது. அவர் 2021-ல் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறார். தீர்ப்பு 2024-ல் வருகிறது. எந்த வருடத்து பாலிசி பணம் தரும்? விபத்து நடந்த 2019-ன் பாலிசிதான். அது எப்போதோ முடிந்துவிட்டது, வண்டியையே நீங்கள் விற்றிருக்கலாம், இருந்தாலும் தரும். பாலிசியின் காலம் முடிந்தது என்றால் புதிய விபத்துகளை அது ஏற்காது, அவ்வளவுதான். அதன் காலத்துக்குள் நடந்ததற்கு அது பொறுப்பாகவே இருக்கிறது.

பழைய பொறுப்புக் காப்பீட்டு (லயபிலிட்டி) பாலிசிகளில் பல இந்த வகைதான். இன்சூரன்ஸ்காரர்கள் ‘அக்கரன்ஸ்’ பாலிசி என்போம். சேதம் எந்த வருடம் நடந்ததோ அந்த வருடத்து பாலிசி பதில் சொல்லும். இன்னொரு வகை ‘கிளெய்ம்ஸ் மேட்’. அதில் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் வந்த தேதிதான் கணக்கு. சமீப காலத்தில் நம் நாட்டுத் தொழிற்சாலைகள் எடுக்கும் பப்ளிக் லயபிலிட்டி பாலிசிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. பாலிசி முடிந்தால் கதவும் மூடிவிடும். மாசு என்ற ஒன்றையே விலக்கிவைத்துவிட்டு, கூடுதல் பிரீமியம் கட்டினால் திடீர் விபத்தால் வரும் மாசை மட்டும் சேர்ப்பதும் அவற்றில் வழக்கம். அதனால்தான் அப்பாவின் பாலிசிகள் பழையவையாக இருப்பது உங்களுக்கு நல்லது.

இனி அவற்றைப் படிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பாலிசியைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும்: மெல்லிய தாள், டைப்ரைட்டர் எழுத்து, ஊதா மையில் கிளை அலுவலக முத்திரை. பின்பக்கம் துருப்பிடித்த குண்டூசியில் ஒரு துண்டுச் சீட்டு தொங்கும். பாலிசியில் செய்த மாற்றத்தைச் சொல்லும் அந்தச் சீட்டுக்கு எண்டார்ஸ்மென்ட் என்று பெயர். அந்த ஊசியைக் கழற்றாதீர்கள். எந்தச் சீட்டு எந்தப் பாலிசியோடு இருந்தது என்பதே நாளைக்கு ஒரு சாட்சி. முதல் பக்கத்து விவரப் பட்டியலான ஷெட்யூலில் பெயர், முகவரி, தொழில் என்ன என்று எழுதியிருக்கிறார்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று பாருங்கள். அப்புறம், கம்பெனி எதற்குப் பணம் தருவதாக ஒப்புக்கொள்கிறது என்ற பத்தி. அதில் பாலிசி காலத்தில் ‘நேர்ந்த’ காயம் அல்லது சேதம் என்று இருக்கிறதா, அந்தக் காலத்தில் ‘கோரப்பட்ட’ இழப்பீடு என்று இருக்கிறதா? உங்கள் வழக்கின் பாதி அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கடைசியாக விலக்குகள், அதாவது எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்ற பகுதி. மாசு, கசிவு, கழிவு என்று எந்த வார்த்தை எந்த வருடத்துப் பாலிசியில் முதலில் தலைகாட்டுகிறது என்று ஒன்பதையும் வரிசையாக வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கசப்பான ஒரு விஷயம். பொறுப்புக் காப்பீடு என்பது நாம் மற்றவருக்குச் செய்த சேதத்துக்கு. நம்முடைய சொந்தச் சொத்துக்கு வந்த கெடுதலை அது வழக்கமாக ஏற்காது. வாங்குபவர் சுத்தம் செய்யச் சொல்லும் அந்த நிலம் இன்னும் உங்களுடையது. அதன் மண்ணை அள்ளும் செலவை மட்டும் கேட்டால் கம்பெனி உடனே இதைக் காட்டும். பக்கத்து வீட்டு போர்வெல் அப்படி அல்ல, அது அடுத்தவர் சொத்து. ஆகவே பட்டறைத் தரையிலிருந்து தண்ணீர் எந்தத் திசையில் போகிறது, உங்கள் மண்ணைச் சுத்தம் செய்யாமல் அவர் கிணறு தெளியுமா என்பதை நிலத்தடி நீர் தெரிந்த ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றைக் காப்பாற்ற உங்கள் மண்ணை அள்ளியே ஆக வேண்டும் என்று அந்த நிபுணர் எழுதினால், மண் செலவையும் கேட்க ஒரு வழி பிறக்கிறது. வாங்குபவரின் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு மட்டும் கம்பெனிக்குப் போகாதீர்கள்.

எந்த வருடத்தில் சேதம் நடந்தது என்பதற்கும் சாட்சி வேண்டும். பட்டறையில் வேலை செய்தவர்களில் ஒருவராவது உயிரோடு இருப்பார். அவரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். குரோமிக் ஆசிட் தொட்டி எங்கே இருந்தது, முலாம் பூசிய பொருளை அலசிய தண்ணீர் எந்த வழியாக வெளியே போனது, தரை மண்ணாக இருந்ததா சிமென்டா, எந்த வருடம் சிமென்ட் போட்டார்கள்? இதெல்லாம் அவர் நினைவில் இருக்கும், எந்தக் காகிதத்திலும் இருக்காது.

தொகைக்கு வருவோம். ஒன்பது ஐம்பதாயிரம் என்பது நாலரை லட்சம். கசிவு வருடக்கணக்காக நடந்திருந்தால் அந்த ஒவ்வொரு வருடத்துப் பாலிசியும் தனித்தனியாகப் பொறுப்பு என்பது அமெரிக்க நீதிமன்றங்கள் பலவும் ஏற்ற கணக்கு. இங்கே அதைப் போராடித்தான் வாங்க வேண்டும். கிடைத்தாலும் நிலத்தைச் சுத்தம் செய்ய இது போதாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் வழக்கை நடத்தும் வக்கீல் செலவையும் கம்பெனி ஏற்கும் என்று பாலிசியில் இருந்தால், அதன் மதிப்பு வேறு. அந்த வரியைக் கட்டாயம் தேடுங்கள்.

1971, 1972 பாலிசிகளில் இன்று இல்லாத ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் இருக்கலாம். கலங்க வேண்டாம். 1973 ஜனவரி 1-ல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையானபோது 107 கம்பெனிகள் நான்காகச் சேர்க்கப்பட்டன: நேஷனல், நியூ இந்தியா, ஓரியன்டல், நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா. சொத்துகள் வந்தபோது கடன்களும் பொறுப்புகளும் சேர்ந்தே வந்தன. உங்கள் பழைய கம்பெனி இந்த நான்கில் எதற்குள் போனது என்று பார்த்து அதன் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

1969, 1970 வருடங்களிலும் 1979-க்குப் பிறகும் பாலிசியே இல்லையா, அல்லது காகிதம்தான் தொலைந்ததா? தேட வேண்டிய இடம் உண்டு. சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

1980-களின் கடைசியில் நான் வேலை பார்த்த ஒரு கிளை அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. பழைய பாலிசிப் பதிவேடுகளைக் கொண்டுபோக இடமில்லை என்று எடைக்குப் போட்டார்கள். தோல் முதுகு வைத்து பைண்ட் செய்த பெரிய நோட்டுகள். தராசு கொள்ளாமல் இரண்டிரண்டாகக் கட்டித் தூக்கி நிறுத்தினார் கடைக்காரர். நான் அப்போது சின்னப் பெண். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை, அது இன்றைக்கும் உறுத்துகிறது. சில வருடம் கழித்து ஒரு பட்டறை முதலாளியின் மகன் வந்தார். 1974-ல் அவர்கள் பட்டறைச் சுவர் இடிந்து பக்கத்து வீட்டில் ஒருவருக்கு அடிபட்டிருந்தது. அந்த வழக்கு அப்போதுதான் அப்பீலில் முடிந்திருந்தது. அந்த வருடத்து பாலிசியின் நகல் கேட்டு மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் இல்லை என்றோம். நான்காவது தடவை ஒரு கடிதத்தோடு வந்தார். கடன் கொடுத்த வங்கி தன் ஃபைலில் தீ விபத்து பாலிசியை வைத்திருந்தது. ஏஜென்ட் அதை அனுப்பியபோது எழுதிய கடிதமும் கூடவே இருந்தது. அதில் அந்தப் பட்டறை எடுத்த நான்கு பாலிசிகளின் எண்கள், பிரீமியம், தேதி. இரண்டாவது எண்தான் அவர் தேடியது. பாலிசித் தாள் கடைசி வரை கிடைக்கவில்லை. அந்த ஒரு கடிதத்தை வைத்து அவருக்குப் பணம் போனது.

ஆகவே அப்பா கடன் வாங்கிய வங்கி, கணக்குப் பார்த்த ஆடிட்டர், ஏஜென்டின் குடும்பம், பழைய கேஷ் புக், செக் புத்தகத்தின் அடிக்கட்டை என்று எல்லாவற்றையும் பாருங்கள். பெரிய கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுத்திருந்தால் அவர்கள் இன்சூரன்ஸ் சான்று கேட்டு வாங்கி வைத்திருப்பார்கள். ‘இன்சூரன்ஸ் பிரீமியம்’ என்று பேரேட்டில் ஒரு வரி கிடைத்தாலும் அது ஒரு நூல் முனை.

உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் நோட்டீஸ் நகலோடு, எல்லா பாலிசி எண்களையும் குறிப்பிட்டு கம்பெனிக்கு ஸ்பீடு போஸ்டில் எழுதி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் பொறுப்பை மறுக்க நல்ல சாக்கு. அவர்களுக்குத் தெரிவிக்காமல் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பணம் தருவதாக ஒப்புக்கொள்வதும், தப்பு எங்கள் மேல்தான் என்று எழுதிக் கொடுப்பதும் கூடாது. பெரும்பாலான பாலிசிகளில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கும்.

ஆனால் அந்த வீட்டில் இன்றைக்கு என்ன குடிக்கிறார்கள்? மஞ்சள் நிறம் ஆறிணைதிறக் குரோமியம் (ஹெக்ஸாவேலன்ட்) என்ற நச்சு வகையின் அடையாளம். அது புற்றுநோய் தரும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்கிறது நம் தர நிர்ணயம். நிறம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டது. என்ன நிபந்தனை இருந்தாலும் நாளைக் காலையிலிருந்து அவர்கள் வீட்டுக்குக் கேன் தண்ணீர் போட ஏற்பாடு செய்யுங்கள். ‘எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி, மனிதாபிமான அடிப்படையில்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து, அதன் நகலைக் கம்பெனிக்கும் அனுப்பிவிடுங்கள். நான் மேசையில் இருந்திருந்தால் இதைக் காட்டி ஒரு கிளெய்மை மறுத்திருக்க மாட்டேன்.

வாரிசு என்ற முறையில் உங்கள் பொறுப்பு, அப்பாவின் சொத்து உங்கள் கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான். இதையும் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாசுபட்ட இடங்களைக் கண்டறிந்து காரணமானவரையே சுத்தம் செய்யவைக்கும் விதிகளை மத்திய அரசு 2025-ல் வெளியிட்டிருக்கிறது. இனி இந்தக் கேள்வி உங்களோடு நிற்காது.

கேள்வி: என் அண்ணன் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் 1998-ல் ஒரு டிரை கிளீனிங் கடையை வாங்கி நடத்துகிறார். கடை 1962-லிருந்து இருக்கிறதாம். இப்போது நிலத்தடி நீரில் ரசாயனம் கலந்திருப்பதாக மாநில அரசு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. ‘இன்சூரன்ஸ் ஆர்க்கியாலஜிஸ்ட்’ ஒருவரை வைத்து பழைய பாலிசிகளைத் தேடச் சொல்கிறார்களாம். இப்படி ஒரு தொழில் உண்மையிலேயே உண்டா? யாராவது ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: உண்டு, அம்மா. நேர்மையான தொழில்தான். கீழடியில் மண்ணைத் தோண்டுவதுபோல இவர்கள் கிடங்குகளிலும் வக்கீல் ஃபைல்களிலும் பழைய பாலிசிகளைத் தோண்டி எடுக்கிறார்கள்.

காரணம் அந்த நாட்டுச் சட்டம். 1980-ல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம், எத்தனை வருடத்துக்கு முன் கொட்டியிருந்தாலும், அன்றைக்கு அது சட்டப்படி சரியாகவே இருந்திருந்தாலும், இன்றைய உரிமையாளரையும் அன்றைய உரிமையாளரையும் சேர்த்தே பிடிக்கிறது. அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்கள்? பழைய பாலிசிகளுக்குத்தான். 1966-ல் அங்கே பொதுவான பொறுப்பு பாலிசியின் வாசகம் மாறி, ‘விபத்து’ என்ற சொல்லின் இடத்தில் ‘நிகழ்வு’ வந்தது. மெல்ல மெல்ல, திரும்பத் திரும்ப நடப்பதும் அதில் அடங்கும். 1970-களின் தொடக்கத்தில் மாசுக்கு விலக்கு வைத்தார்கள். ‘திடீரென, எதிர்பாராமல்’ நேர்ந்ததற்கு மட்டும் விதிவிலக்கு. 1986-ல் முழு விலக்கு. அதனால்தான் அந்த வருடத்துக்கு முந்தைய பாலிசிக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

உங்கள் அண்ணன் இருக்கும் மாநிலம் அவருக்கு ஓர் அதிர்ஷ்டம். 1996-ல் கைகர் என்ற பெட்ரோல் பங்க் வழக்கில் இண்டியானா உச்ச நீதிமன்றம், விலக்கில் ‘மாசுபடுத்தும் பொருள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருப்பது தெளிவில்லை, அதைப் பாலிசிதாரருக்குச் சாதகமாகத்தான் படிப்போம் என்றது. பெட்ரோல் பங்குக்கு பாலிசி விற்றுவிட்டு பெட்ரோல் கசிவுக்குப் பணம் இல்லை என்றால் எப்படி? 2012-ல் ஃபிளெக்ஸ்டார் வழக்கில் ஒரு தொழிற்சாலைக் கரைப்பான் விஷயத்திலும் இதே நிலையில் நின்றது. ஆகவே அங்கே 1986-க்குப் பிந்தைய பாலிசிகளையும் தூக்கிப் போட வேண்டாம்.

அவர் கடையில் பயன்படுத்தியது பெர்க் என்ற பெர்குளோரோஎத்திலீனாக இருக்க வேண்டும். தண்ணீரைவிட கனமானது. தரை வெடிப்பிலும் சாக்கடைக் குழாயின் இணைப்பிலும் இறங்கி, நிலத்தடி நீரையும் தாண்டி அடியில் போய்த் தங்கும். அங்கே குடிநீரில் அனுமதி நூறு கோடியில் ஐந்து பங்கு மட்டுமே. ஒரு டிரம் கொட்டினால் ஒரு பேட்டையே கெடும். எடுப்பதற்கு வருடக்கணக்கில் ஆகும், செலவும் அதற்கேற்றபடி. இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு சிறிய கடைக்காரரால் முடியாத காரியம்.

அண்ணனிடம் சொல்லுங்கள்: 1998-லிருந்து தன்னுடைய பாலிசிகள் எல்லாவற்றுக்கும் உடனே நோட்டீஸ் போக வேண்டும். 1962-லிருந்து கடை நடத்தியவரும் பொறுப்பாளிதான். அவர் உயிரோடு இல்லையென்றால் அவர் விட்டுச்சென்ற சொத்து (எஸ்டேட்). அவருடைய பாலிசிகளைத் தேடுவதற்குத்தான் அந்த ஆர்க்கியாலஜிஸ்ட். கட்டடத்தை வாடகைக்கு விட்டவர் குத்தகைப் பத்திரத்தில் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லியிருந்தால், சான்று அவர் ஃபைலில் இருக்கும். கம்பெனிகள் வழக்கை எதிர்கொள்ளும் செலவையும், பல இடங்களில் ஆய்வுச் செலவையும் தர வேண்டியிருக்கும் என்பதால், கைக்காசைச் செலவழித்துவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று இருக்க வேண்டாம். நோட்டீஸுக்கு முன் செய்த செலவைத் திரும்ப வாங்குவது சிரமம். பாலிசிதாரர்கள் பக்கம் மட்டும் வாதாடும் வக்கீலாகப் பார்த்துப் போகட்டும்.

கேள்வி: நாகல்கேணியில் 1988 முதல் வீடு. எதிரே இருந்த தோல் தொழிற்சாலை மூடி வருடங்கள் ஆகின்றன. எங்கள் கிணற்றை இன்றுவரை பயன்படுத்த முடியவில்லை. அவர்களுடைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நாங்களே நேரடியாகக் கேட்க முடியுமா?
– வாசகி, நாகல்கேணி

பதில்: பாலிசி அவர்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். வழக்கமாக நீங்கள் உரிமையாளர் மேல்தான் போக வேண்டும், அவர் தன் கம்பெனியை அழைத்துக்கொள்வார். ஒரு விதிவிலக்கு, போபாலுக்குப் பிறகு வந்த 1991-ம் ஆண்டின் பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் சட்டம். அபாயகரமான பொருளைக் கையாளுபவர் கட்டாயம் பாலிசி எடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் யார் தவறு என்று நிரூபிக்காமலேயே கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் விபத்து நடந்து ஐந்து வருடத்துக்குள் கேட்க வேண்டும். தொகையும் சட்டம் வந்தபோது மிகச் சிறியது: உயிரிழப்புக்கு 25,000, சொத்துச் சேதத்துக்கு 6,000. வருடக்கணக்காக ஊறிய கிணற்றுக்கு இந்தக் கதவு பொருந்தாது.

உங்களுக்கான இடம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அங்கேயும் இழப்பீட்டுக்கு ஐந்து வருடக் கெடு உண்டு என்பதால், எப்போது, எப்படித் தெரியவந்தது என்பதற்குத் தேதியோடு சான்று வையுங்கள். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை முதல் காகிதம். தோல் தொழிற்சாலைகள் கெடுத்ததற்கு அவர்களே ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்ன தீர்ப்பு வேலூர் மக்கள் போட்ட வழக்கில்தான் வந்தது. இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையமும் அதன்பின் அமைந்தது. ராணிப்பேட்டையில் குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு மலைபோல் கிடந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் கைவிட்டுப் போனபின் சுத்தம் செய்ய யார் பணம் தருவது என்று எத்தனையோ வருடம் இழுத்தது. உங்கள் தெருவில் கிணறு கெட்ட வீடுகள் இன்னும் இருக்கும். பத்து வீட்டு அறிக்கையைச் சேர்த்து ஒரே மனுவாகப் போங்கள். மனுவில், அந்தத் தொழிற்சாலை தன் இன்சூரன்ஸ் விவரம் அனைத்தையும் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஒரு வரி கேளுங்கள். யாரும் கேட்காததால்தான் அந்தப் பாலிசிகள் வெளியே வருவதில்லை.

கேள்வி: வீடு மாறுகிறோம். பழைய பாலிசிகளை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?
– வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: தீ விபத்து, திருட்டு, மருத்துவக் காப்பீடு: கிளெய்ம் எதுவும் நிலுவையில் இல்லையென்றால் முடிந்து மூன்று, நான்கு வருடம் போதும். வண்டிக்கு மூன்றாம் நபர் பாலிசி, கடைக்கோ தொழிற்சாலைக்கோ எடுத்த பொறுப்பு பாலிசி, வேலையாட்களுக்கு எடுத்தது: இவற்றை எறியவே வேண்டாம். ஷெட்யூலையும் விலக்குப் பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். மூலத்தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். பழைய பேப்பர்காரர் வருகிற அன்று அந்தக் கட்டு பரணிலிருந்து இறங்கக் கூடாது.